ஒரே காலால் நடந்த சிறுத்தை

அக்காவிடம் ஒன்றைக் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பியவர் கிடையாது. இருந்தால் தருவார். இல்லாவிட்டால் தேடிப் பிடித்துத் தருவார். தேடியும் கிடைக்காததென்றால், கிடைத்துவிட்டதென்று நீங்களே நம்பும்படி எதையாவது செய்து வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்தபடி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். இவ்வளவுக்கும் அவர் வாயிலிருந்து ஒரு பொய் வராது. அதில் அவர் மகா கண்டிப்பு.

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் பங்களா அக்கா. முள்ளிக்குளத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், ஐம்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் வெளியே போவார். மற்ற நேரமெல்லாம் பங்களாவில்தான்.

அந்தப் பங்களா கொண்டச்சிக்கும் முள்ளிக்குளத்துக்கும் இடையில், தெருவிலிருந்து உள்ளே தள்ளி, மரமுந்திரிகை மரங்களுக்கு நடுவில் நின்றது. முத்துக்குளிப்பைப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரைகள் தங்கக் கட்டியது என்று வாசலில் பலகை சொன்னது. பிறகு அது தோட்டத்துக் கணக்கெழுதும் கந்தோரானது, பிறகு கூரை போய் வௌவால் குடியிருந்தது. கடைசியில் கொழும்பு முதலாளி ஒருவர் வாங்கித் திருத்தி, பாரம்பரியப் பண்ணை விடுதி என்று பெயர் வைத்தார். வில்பத்துக் காட்டுக்குப் போகிறவர்கள் வந்து தங்குவார்கள். பண்ணை என்பதற்குச் சாட்சியாகக் கொஞ்ச மாடுகளும் ஒரு குதிரையும் நின்றன. குதிரை நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. எங்கள் வெயிலில் அது ஓடிப் பார்த்தவர் இல்லை. நிழல் நகர்ந்தால் தானும் நகரும்.

நான் நில அளவையாளன், யாழ்ப்பாணத்து ஆள். முசலிப் பக்கத்துக் காணிகளுக்கு எல்லை போட வந்த இடத்தில் வேறு தங்குமிடம் கிடைக்காமல், பங்களாவின் பின்பக்க அறையில் ஏழு மாதம் இருந்தேன். என் தொழிலில் ஓர் அடி பிசகினால் இரண்டு குடும்பம் மண்வெட்டியோடு நிற்கும். அதனால் பிழையைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. சாப்பாட்டு மேசை ஆடினால், காலுக்குக் கடுதாசி மடித்து வைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். இந்தக் குணத்தை அந்த நாட்களில் பெரிய கெட்டித்தனமென்று நினைத்திருந்தேன்.

வந்த மூன்றாம் நாள், போனுக்குக் கவரேஜ் இல்லை, வீட்டோடு ஒரு வார்த்தை கதைக்க முடியவில்லை என்று சும்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அக்கா உடனே எழும்பினார். என் போனை வாங்கிக்கொண்டு வளவு முழுவதும் நடந்தார். மாட்டுக் கொட்டிலுக்குள் போனார், கிணற்றுக் கட்டில் ஏறினார், முந்திரிகை மரத்திலும் பாதி ஏறினார். அடுத்த நாள் நான் வேலையால் வந்தபோது, தண்ணீர்த் தாங்கிக்கு ஓர் ஏணி கட்டியிருந்தது. தாங்கியின் மேல் பிளாஸ்டிக் கதிரை. கதிரைக்கு மேல், மீன் பிடிக்கிற தங்கூசி நூலால் குழாயோடு சேர்த்துக் கட்டிய குடை.

"ஏறி இருந்து கதையுங்கோ தம்பி. அசையாமல் இருக்கோணும். அசைஞ்சியளெண்டா அறுந்துபோகும்."

அறுந்துபோவது கதையா, கதிரையா என்று நான் கேட்கவில்லை. ஏழு மாதமும் என் குடும்ப விவகாரமெல்லாம் அந்தத் தாங்கியின் மேல்தான் நடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு கிழவர் அதைத் துரைமார் காலத்துக் காவல் கோபுரம் என்று நம்பிப் படம் எடுத்தார். அக்கா அவருக்காகக் குடையைச் சற்று நிமிர்த்திவிட்டார்.

பெரிய அறைக் கட்டில் கதையும் இப்படித்தான். கறுத்த மரம், செதுக்கல் வேலை, நாலு பக்கமும் தூண். கவர்னர் படுத்த கட்டில் இதுதானா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அக்கா தலையணையை மெல்லத் தடவுவார், ஒரு பெருமூச்சு விடுவார். "நல்ல காத்து வாற மூலை. படுத்தால் எழும்ப மனம் வராது" என்பார். கேட்டவர் புல்லரித்துப்போய் அதில் ஏறிப் படுப்பார். அந்தக் கட்டில் முதலாளியின் குளிர்சாதனப் பெட்டியோடு ஒரே லொறியில் மன்னார் டவுனிலிருந்து வந்தது என்று மாடு பார்க்கிறவர் எனக்குச் சொல்லியிருந்தார். அக்காவிடமே கேட்டேன்.

"நான் கவர்னரெண்டு சொன்னனானோ?"

"சொல்லேல்ல. ஆனா தலகாணியைத் தடவினீங்கள்."

"தலகாணியைத் தடவுறது என்ன பாவம் தம்பி? அந்த மனிசன் எவ்வளவு தூரத்திலயிருந்து வந்திருக்கு. கட்டில் புதிசெண்டு சொன்னால் அதுக்கு நித்திரை வருமோ?"



இப்போது அவர் பங்களாவில் இல்லை. பேசாலையில் தங்கை வீட்டோடு இருந்து, ஒரு கலியாண மண்டபத்துக் குசினியைப் பார்க்கிறார். போன வருடம் அங்கே ஒரு கலியாணத்தில் கண்டேன். கடைசிப் பந்தியில் இறைச்சி முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் மாமனார் முறையான ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அக்கா உள்ளிருந்து வந்து, சட்டியின் அடியிலிருந்த குழம்பையும் இறைச்சிபோல வெந்த ஈரப்பலாக்காய்த் துண்டுகளையும் அவர் இலையில் போட்டு, "உங்களுக்கெண்டு எடுத்து வச்சது" என்றார். அது உண்மைதான், எடுத்து வைத்துத்தான் இருந்தார். எதை எடுத்து வைத்தார் என்பதைத்தான் சொல்லவில்லை. மனிதர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அக்கா பங்களாவை விட்டுப் போகக் காரணமும் இந்தக் குணம்தான். அதில் என் குணமும் சேர்ந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு கொழும்புக் குடும்பம் வந்திருந்தது. ஏழு வயதுப் பெண்பிள்ளை. பிறந்தநாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்குச் சிறுத்தை பார்க்க வேண்டும் என்றவள். மூன்று தரம் ஜீப்பில் காட்டுக்குள் போய் வந்தார்கள். கண்டது மயில், கீரி, மயில், மான், மறுபடியும் மயில். கடைசி நாள் பின்னேரம் பிள்ளை சாப்பிடமாட்டேன் என்று விறாந்தைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கா பக்கத்தில் குந்தினார்.

"சிறுத்தை இஞ்ச வராதா அன்ரி?"

"அதுக்கும் உங்களைப் பாக்க ஆசை இருக்குந்தானே பிள்ளை."

இந்தப் பக்கத்து முற்றமெல்லாம் மணல். விடிய எழும்பி ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிவிட்டால் வரிவரியாகக் கிடக்கும். அதில் கோழி நடந்தாலும் தெரியும், பாம்பு ஊர்ந்தாலும் தெரியும். முற்றத்தைப் பார்த்துத்தான் இரவில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று வீட்டுக்காரர் சொல்வார்கள். அடுத்த நாள் காலை, பங்களா முற்றத்தில் வேலியிலிருந்து விறாந்தைப் படிவரை சிறுத்தையின் அடிகள் பதிந்து கிடந்தன. பிள்ளை சந்தோஷத்தில் கத்தியதில் குதிரை கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. அக்கா சிறுத்தையென்று வாயால் சொல்லவில்லை. விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு, "பாருங்கோவன்" என்றார். பிள்ளை இரண்டு ரொட்டி சாப்பிட்டாள்.

அவர்கள் போன பிறகு நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். முதலாவது, அடிகள் விளக்குமாற்று வரிகளுக்கு மேல் இருந்தன. அப்படியென்றால் அக்கா கூட்டி முடிக்கும்வரை சிறுத்தை வேலியோரம் பொறுத்து நின்றிருக்க வேண்டும். இரண்டாவது, எல்லா அடியும் ஒரே அளவு, ஒரே சாய்வு. அந்த விலங்குக்கு நாலு காலும் வலது முன்கால். மூன்றாவது, நாய் குரைத்தாலே மிரளுகிற குதிரை முழு இரவும் குறட்டை விட்டிருக்கிறது.

அடுத்த வாரம் வேறு விருந்தாளிகளுக்கும் அதே அடிகள் விழுந்தபோது குசினிக்குப் போனேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்கட சிறுத்தை ஒரே காலால நடக்குது."

துருவுகிற கை நின்றது. பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, தேங்காய்ப்பாதி மடியில் உருள, அப்படி ஒரு சிரிப்பு. பிறகு எப்படி வைத்தாரென்று காட்டினார்: உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஓர் அழுத்து, விரல் நுனிகளைக் குவித்து நாலு குத்து. ரொட்டி மாவில் பழகிய கை. பிள்ளை போன பிறகு விட்டுவிட நினைத்ததாகவும், ஆனால் அடுத்து வந்தவர்கள் அந்தப் பிள்ளையின் தாய் போனில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அறிவித்துவிட்டதாகவும் சொன்னார். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், கையால் செய்கிறது பொய்யா என்று பங்குச் சுவாமியாரிடம் கேட்டும் இருக்கிறார்.

"என்ன செய்தனீங்களெண்டு கேட்டவர். மணலில ஒரு படம் கீறினனான் சுவாமியெண்டு சொன்னன். மூண்டு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னவர்."

"சொன்னீங்களோ?"

"அடி வைக்கேக்க சொல்லிச் சொல்லித்தான் வைக்கிறனான்."

இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வேலை பிழையாக நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிந்ததில்லை. கடுதாசியில் படம் போட்டுக் காட்டினேன். இடது கையாலும் வைக்க வேண்டும். பின்கால் முன்காலைவிடச் சிறியது, முன்கால் வைத்த இடத்திலேயே ஏறக்குறைய வந்து விழும். கிணற்றடியில் ஒருமுறை நின்று திரும்ப வேண்டும், நேர்கோட்டில் எந்த விலங்கும் நடக்காது. பின்னேரமே முற்றத்தைக் கூட்டிவிட வேண்டும், விடியக் கூட்டக்கூடாது. அக்கா குசினிக்குப் பின்னாலிருந்த மணல் கும்பியில் இரண்டு நாள் பழகினார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, பரீட்சை வைக்கிறவன் மாதிரிப் புள்ளி போட்டேன்.

"இப்ப சரியோ தம்பி?"

"பின்கால் இன்னும் கொஞ்சம் ஒடுங்கலா."

சரியாகத்தான் வந்தது. அவ்வளவு சரியாக வந்தது.

விருந்தாளிகள் கூடினார்கள். முதலாளி வாசல் பலகையில் ஒரு சிறுத்தையைக் கீறுவித்தார். அக்காவுக்கு மட்டும் உள்ளூர ஒரு சங்கடம். "ஒரு நாளைக்கெண்டு தொடங்கினது தம்பி, இழுபடுது" என்பார். ஆனால் அன்றைக்கு வந்திறங்குகிற ஜீப்பில் ஆசையோடு ஒரு முகம் இருக்கும். அடுத்த நாள் விடிய அக்கா மணலில் முழங்காலில் நிற்பார்.

பங்களா வேலிக்கு அடுத்த காணி ஆட்டுக்கார நானாவினுடையது; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, அவர் கொண்டுவந்தது இரண்டு மறி ஆடு. அந்த இரண்டு பெருகிப் பட்டி நிறைந்திருந்தது. ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும் என்பார். நான் பார்த்தவரைக்கும் ஒன்றும் வந்ததில்லை. காலையில் பங்களாவுக்குப் பால் கொண்டுவருவார், வரும்போது முற்றத்தைப் படிப்பார். முதன்முதல் அந்த அடிகளைக் கண்டபோது வாய்விட்டுச் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

"அக்கா, இது சிறுத்த இல்ல. ஏதோ நாய் நொண்டிட்டுப் போயிருக்கு."

என் திருத்தத்துக்குப் பிறகு வந்த முதல் நாள், பால் கானை மணலில் வைத்துவிட்டுக் குந்தினார். ஓர் அடியின் பக்கத்தில் தன் உள்ளங்கையை வைத்து அளந்தார். கிணற்றடிவரை அடியைத் தொடர்ந்துபோனார். நின்று திரும்பிய இடத்தை வெகுநேரம் பார்த்தார். "யா அல்லாஹ்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வேலியோரமாகவே வீட்டுக்குப் போனார். நான் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு பால் கான் வேலிக் கட்டையில் தொங்கும், நானாவைக் காணக் கிடைக்காது. அவருக்குச் சுகமில்லையாக்கும் என்று அக்கா நினைத்தார். எனக்குத் தெரியும். வேலைக்குப் போகிற வழியில் தினமும் அவரைக் கண்டேன். இரவிரவாகப் பட்டிக்குள் ரோர்ச் லைற்றும் தட்டுகிற தகரமுமாக விழித்திருந்து, கண் சிவந்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தார். ஒருநாள் என் மோட்டார் சைக்கிளை மறித்தார்.

"சேர், நீங்க படிச்ச ஆள். இந்தச் சாமான் ஒரு இடத்துக்கு வந்து பழகிட்டா விடாதாமே?"

"அது ஒண்டும் செய்யாது நானா. பயப்பிடாதேங்கோ" என்றேன். சொல்லிவிட்டுப் போய்விட்டேன். வெயில் ஏறுமுன் பன்னிரண்டு எல்லைக்கல் நட வேண்டியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை. முதலாளி கொழும்பிலிருந்து, சுற்றுலாக்காரரை அனுப்புகிற கொம்பனியொன்றின் ஆட்கள் மூன்று பேரைக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் சரியென்றால் வருடம் முழுக்க அறைகள் நிறையும். அவர்கள் முற்றத்து அடிகளைச் சுற்றி நின்று படம் எடுத்துவிட்டு, இடியப்பம் சாப்பிட மேசையில் இருந்தார்கள். அப்போது வேலிக்கு அப்பால் ஒரு லொறி வந்து நின்றது. ஆடுகள் ஒன்றாகக் கத்தத் தொடங்கின.

"என்ன சத்தம் தம்பி?" அக்கா சொதிக் கிண்ணத்தோடு நின்றார்.

"நானா ஆடெல்லாத்தையும் விக்கிறாராம். வியாபாரி வந்திருக்கு."

"ஏன்?"

நான் முற்றத்து அடிகளைப் பார்த்தேன். அக்காவும் அங்கே பார்த்தார். சொதிக் கிண்ணத்தை மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் கொஞ்சம் முதலாளியின் கோப்பையில் சிந்தியது. செருப்பும் போடாமல் இறங்கி நடந்தார். "எங்க போறீங்க? சம்பல் எங்க?" என்று முதலாளி பின்னால் கூப்பிட்டார். நானும் அக்காவுக்குப் பின்னால் ஓடினேன்.

பாதி ஆடு லொறியில் ஏறிவிட்டது. நானா ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நானா, இறக்குங்கோ எல்லாத்தையும். சிறுத்தை இல்லை. அது நான்தான். நான்தான் கையால வச்சனான்."

நானா களைத்துப்போய்ச் சிரித்தார். "உங்கட மனசு எனக்குத் தெரியும் அக்கா. ஒருத்தர் மனம் நோக நீங்க பொறுக்கமாட்டீங்க. எனக்காகச் சொல்றீங்க. நான் அடி பாத்துப் பழகின ஆள். அது மனிசன் வச்ச அடி இல்ல."

"சத்தியமா நானா."

"வேணாம் அக்கா. போங்க. வீட்டில விருந்தாளி."

விருந்தாளிகள் அங்கேதான் வந்துவிட்டிருந்தார்கள். முதலாளியும் அந்த மூன்று பேரும் வேலிப் பொட்டு இடைவெளியால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அவர்களைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இனி எந்த வீட்டுக்குப் போய் எந்த அடுப்பைப் பார்ப்பது என்ற யோசனை ஒரு நிமிடம் அதில் வந்து போனது. பிறகு பட்டி வாசலில் முழங்காலில் இருந்தார். முழங்கையால் மணலை வழித்து மட்டமாக்கினார்.

வலது கை, இடது கை. பின்கால், கொஞ்சம் ஒடுக்கமாக. தவழ்ந்து தவழ்ந்து லொறியின் சக்கரச் சில்லுவரை போனார். இடையில் ஓரிடத்தில் நின்று, திரும்பி, மறுபடி நடந்தார். ஆடுகள்கூடக் கத்துவதை விட்டுவிட்டதாக எனக்கு ஞாபகம். அவர் எழும்பியபோது மணலில் ஒரு சிறுத்தை போயிருந்தது.

லொறிக்காரன்தான் முதலில் சிரித்தான். கொம்பனி ஆட்களில் ஒருவர் போனை எடுத்தார். முதலாளி அவர் கையைப் பிடித்து இறக்கினார். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் அக்காவின் வேலை போய்விட்டது என்பது எல்லோருக்கும் விளங்கியது. மத்தியானத்துக்கு முன் அதை வாயாலும் சொல்லிவிட்டார்.

நானா சிரிக்கவில்லை. குந்தி, உள்ளங்கையை அடியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பதினாறு நாள் நான் படுக்கயில்ல அக்கா."

அக்கா மண் ஒட்டிய இரண்டு கையையும் நீட்டினார். "அடியுங்கோ நானா. இந்தக் கைக்கு அடியுங்கோ." கண்ணீர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

நானா அடிக்கவில்லை. எழும்பி, லொறிப் பலகையைத் தானே திறந்து முதலாவது ஆட்டை இறக்கினார். இரண்டாவதை இறக்கும்போது ஏதோ நினைத்துக்கொண்டவர்போல நின்றார்.

"முதல் வச்ச நேரம் எல்லாம் ஒரே காலா இருந்திச்சு. நான்கூட நாய் எண்டு சிரிச்சன். பொறவுதானே சரியா வந்திச்சு. அத ஆரு அக்கா சொல்லித் தந்த?"

வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒருத்தரும் இல்லை நானா" என்றார். "நானே செய்து செய்து பழகினனான். வேற ஆருக்கும் இது தெரியாது."

நானா தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தச் சிவந்த கண்ணில் எனக்காக ஓர் இரக்கம் இருந்தது.

"பாவம் சேர். நீங்களும் அந்த அறைக்குள்ள தனிய, எவ்வளவு பயந்திருப்பீங்க."

"ஓம் நானா" என்றேன்.